முகமற்ற சுங்க மதிப்பீடு

முகமற்ற சுங்க மதிப்பீடு என்பது, இறக்குமதி ஆவணங்களைச் சரக்கு வந்திறங்கிய துறைமுகத்தின் அதிகாரியே ஆராயாமல், வேறோர் ஊரில் உள்ள அதிகாரி கணினி வழியாக ஆராய்ந்து வரியை உறுதிசெய்யும் முறையாகும். இந்தியாவில் இது 2020 ஆம் ஆண்டில், கோவிட்-19 பெருந்தொற்றுக் காலத்தில் நடைமுறைக்கு வந்தது.

பின்னணி

இறக்குமதியாளர் சரக்கை விடுவிக்க 'பில் ஆஃப் என்ட்ரி' எனும் அறிவிப்பைத் தாக்கல் செய்ய வேண்டும். அன்றைய விதிப்படி, சரக்கு வந்த மறுநாளுக்குள் இதனைத் தாக்கல் செய்யாவிடில் முதல் மூன்று நாட்களுக்கு நாளொன்றுக்கு 5,000 ரூபாயும், அதன்பின் 10,000 ரூபாயும் தாமதக் கட்டணம் விதிக்கப்பட்டது. பொது முடக்கத்தின்போது முத்திரைத்தாள் பெறுவது கடினமானதால், சுங்கத்துறைக்கு அளிக்க வேண்டிய பிணைமுறிகளை எழுதுவதிலும் இடர் ஏற்பட்டது.

மாற்றங்கள்

ஏப்ரல் 2020 இல், குறிப்பிட்ட வகை இறக்குமதியாளர்களிடம் பிணைமுறிக்குப் பதிலாக உறுதிமொழிக் கடிதம் தற்காலிகமாக ஏற்கப்பட்டது. ஏப்ரல் 15 முதல் பில் ஆஃப் என்ட்ரியின் படி பிடிஎஃப் கோப்பாக மின்னஞ்சலில் அனுப்பப்பட்டது. ஜூன் 8 அன்று சென்னையிலும் பெங்களூரிலும் இயந்திரங்கள், மின்கருவிகள் ஆகியவற்றுக்கு முகமற்ற மதிப்பீடு தொடங்கியது. அக்டோபர் 31 இல் இது நாடெங்கும் விரிவாக்கப்பட்டது.

ஆவண மதிப்பீடு இடம் மாறினாலும், சரக்கை நேரில் சோதிப்பது இறக்குமதித் துறைமுகத்திலேயே நடைபெறுகிறது. உறுதிமொழிச் சலுகை தற்காலிகமானது. முகமற்ற மதிப்பீடோ பெருந்தொற்றுக்குப் பின்னரும் நிலைபெற்றது.