அபராதம் கண்டபோது

காஞ்சிபுரத்துக்குத் தெற்கே, உத்திரமேரூர் வைகுண்டப் பெருமாள் கோயில் சுவரிலுள்ள முதற் பராந்தகன் காலத்துக் கல்வெட்டுகளைப் (919, 921) பற்றி எழுதுகிறவர்கள் பெரும்பாலும் குடவோலையோடு நின்றுவிடுகிறார்கள். ஆளைத் தேர்ந்தெடுப்பதைவிட நீக்குவதுதான் கடினமான காரியம் என்று எனக்குத் தோன்றுகிறது. வாரியம் செய்பவனிடம் அபராதம் கண்டால் அப்போதே விலக்கிவிட வேண்டும் என்று சபை விதித்திருக்கிறது. கண்டது யார், அவனை ஒரு வார்த்தை கேட்டார்களா என்பதை அந்த விதி சொல்லவில்லை.

அதைச் சொல்ல முயல்வதுதான் நம் அரசியல் சாசனத்தின் 311ஆவது பிரிவு. குற்றச்சாட்டைத் தெரிவித்து, பதில் சொல்லத் தகுந்த வாய்ப்பளித்து, விசாரித்த பிறகே அரசு ஊழியரை நீக்கலாம். விதிவிலக்குகளும் அதிலேயே உண்டு.

1999 ஜூலை 9. குற்றால சீஸன் பந்தோபஸ்துக்குப் பாளையங்கோட்டை ஆயுதப்படையிலிருந்து வந்த ஒரு போலீஸ்காரர், அன்றிரவு தென்காசி பஸ் ஸ்டாண்டில், குடிபோதையில், கணவனோடு நின்றிருந்த பெண்ணிடம் முறைதவறி நடந்தார் என்பது குற்றச்சாட்டு. தன்னோடு வராவிட்டால் கணவன் மேல் கேஸ் போடுவதாக மிரட்டினாராம். இலாகா விசாரணைக்குப் பின் 2000 ஜனவரியில் டிஸ்மிஸ் ஆனார். நவம்பரில் குற்றவியல் கோர்ட் அவரை விடுவித்தது. கணவனும் மனைவியும் பிறழ்சாட்சிகளாகிவிட்டார்கள். அதைக் காரணம் காட்டி முக்கிய சாட்சிகள் பலரை அரசுத் தரப்பு விசாரிக்கவே இல்லை. ஹைகோர்ட் அவரை மீண்டும் வேலையில் சேர்க்கச் சொன்னது. 2012 நவம்பர் 30இல் சுப்ரீம் கோர்ட் அதை ரத்து செய்தது. சந்தேகத்தின் பலனாகக் கிடைப்பது கௌரவமான விடுதலை ஆகாது என்பது அதன் வாதம்.

ஒரே இரவுக்கு இரண்டு முடிவுகளா என்று கேட்கலாம். கேள்விகளே இரண்டு. ஜெயிலுக்கு அனுப்ப, நியாயமான சந்தேகம் எதுவும் மிஞ்சக்கூடாது. வேலையிலிருந்து அனுப்ப, எது அதிகம் நம்பத்தக்கது என்று பார்த்தால் போதும்.

இங்கிலாந்தில் இதற்கு எதிர்த்திசையில் முடிந்த வழக்கு ஒன்று உண்டு. பிரைட்டன் நகரப் போலீஸ் தலைவர் ரிட்ஜும் கோர்ட்டில் விடுதலையானவர். ஆனால் நீதிபதி அவரைக் கடுமையாகக் கண்டித்திருந்தார். 1958இல் நகரக் கமிட்டி, அவரைக் கேட்காமலே நீக்கியது. 1963இல் பிரபுக்கள் சபை அந்த நீக்கம் செல்லாது என்றது. அவர் நல்லவரா என்று சபை ஆராயவில்லை. கேட்கப்பட்டாரா என்று மட்டும் பார்த்தது. நியாயம் என்பதை இதைவிடச் சுருக்கமாகச் சொல்ல முடியாது.

ஆனால் இந்தச் சுருக்கத்தில் விடுபட்டுப்போன ஒருவர் இருக்கிறார். நீக்கப்பட்டவர் கேட்கப்பட்டாரா என்று கோர்ட்டுகள் படிப்படியாகப் பார்க்கின்றன. கண்டவர், அதாவது அந்தப் பெண், ஏன் பேச்சை மாற்றிக்கொண்டார் என்பது இந்த மறுபரிசீலனைக்குள் வருவதில்லை. பஸ் ஸ்டாண்டுகளில் சாதாரண உடையில் பெண் போலீசாரை நிறுத்தும்படி அதே தீர்ப்பு உத்தரவிட்டது. சாட்சிகளைப் பாதுகாக்கும் திட்டத்தை சுப்ரீம் கோர்ட் ஏற்று நாடு முழுவதற்கும் விதித்தது 2018இல்தான். தென்காசி தம்பதிக்கு அது பதினெட்டு வருஷம் தாமதம்.