கோப்பித் தோட்டத்து உபதேசியாரும் கொழும்பு அத்தியட்சரும்

கண்டியில் தலதா மாளிகைக்கு அருகே நிற்கும் பரிசுத்த பவுலின் செங்கற் கோயிலைக் காணாதவர் அந்நகருக்குச் சென்றவர் ஆகார். ஆங்கிலப் படையினரும் அதிகாரிகளும் தொழுவதற்கென எழுந்த கோயில் அது. அங்கு ஊழியம் புரிந்த குருவுக்குச் சம்பளம் அரசாங்கக் கருவூலத்திலிருந்து வந்தது. பௌத்தனும் சைவனும் முஸ்லிமும் கட்டிய வரிப்பணத்தில் ஒரு பங்கு இவ்வாறு இங்கிலாந்துத் திருச்சபைக்குச் சென்றது என்பதை வாசகர் மனத்திற் கொள்ளல் வேண்டும். பின்னால் நிகழ்ந்த பூசலின் வேர்களுள் ஒன்று இதிலேயே இருந்தது.

அதே கண்டியைச் சூழ்ந்த மலைகளில் வேறொரு கிறிஸ்தவமும் வளர்ந்து வந்தது. திருநெல்வேலி, மதுரை, இராமநாதபுரம் முதலிய சீமைகளிலிருந்து மன்னார் வழியாகக் கால்நடையாய் வந்த தமிழர், கங்காணிமாரின் கீழ்க் கோப்பித் தோட்டங்களில் உழைத்தனர். 1854இல் அவர்களுக்கென ஒரு மிஷன் தொடங்கியது. ‘தமிழ்க் கூலி மிஷன்’ என்பது அதன் பெயர். மனிதனுக்குச் சுவிசேஷம் சொல்ல வந்தவர்கள் அவனுக்கு இட்ட பெயரைப் பாருங்கள்! சர்ச் மிஷன் சங்கம் மேற்பார்வைக்குக் குருமாரை அளித்தது. உபதேசியார்களின் செலவைத் தோட்டத் துரைமார் திரட்டிக் கொடுத்தனர். அவர்களுள் ஸ்கொட்லாந்துப் பிரஸ்பிட்டேரியரும் உண்டு. உபதேசியார்கள் திருநெல்வேலியிலிருந்து வந்தவர்கள். தோட்டந் தோட்டமாய் நடந்து, வேலை முடிந்த வேளையில் லயத்து வாசலில் வேதாகமத்தை விரித்து வாசித்து விளக்குவது அவர்கள் தொழில்.

1875இன் இறுதியில் ரெஜினால்ட் கொப்பிள்ஸ்டன் கொழும்பின் அத்தியட்சராக அபிஷேகம் பெற்றார். வயது முப்பது. கல்வியிற் சிறந்தவர், பிற்காலத்தில் பௌத்தத்தைப் பற்றி ஒரு பெரு நூல் எழுதியவர். அவர் கண்ட காட்சி அவருக்குப் பொருந்தவில்லை. ஒரே மலையில் துரைக்கு ஒரு குரு, தொழிலாளிக்கு வேறொரு குரு; ஒருவர் அத்தியட்சருக்கு அடங்கியவர், மற்றவர் இலண்டனில் உள்ள சங்கத்துக்குக் கணக்குக் காட்டுபவர். ஒரு வட்டாரத்தில் ஒரே சபை இருத்தல் வேண்டும், உபதேசியார்களும் அவ்வட்டாரத்துச் சாப்ளேன் குருவின் கீழ் வருதல் வேண்டும் என்பது அவர் வாதம்.

இவ்வாதத்தில் நியாயமே இல்லை என்று தள்ளிவிடுதல் ஆகாது. நிறத்தால் பிளந்த சபையை ஒன்றாக்கும் நோக்கம் அதில் இருந்தது. ஆனால் ஒன்றாக்கும் வழி, தமிழ் அறிந்த மிஷனரியின் கையிலிருந்து ஆங்கிலேயருக்கென அமர்ந்த சாப்ளேனின் கைக்குத் தமிழ் உபதேசியாரை மாற்றுவதாக அமைந்தது!

மிஷனரிமார் மறுத்தனர். குருப்பட்டம் பெறாத உபதேசியாரை நியமிப்பதும் விலக்குவதும் சங்கத்தின் உரிமை என்றனர். இதனுள் வேறொரு அச்சமும் கலந்திருந்தது. இங்கிலாந்தில் பலிபீட மெழுகுதிரி, குருவின் அங்கி, கிழக்கு நோக்கி நின்று இராப்போசனம் நடத்துதல் ஆகியவற்றைப் பற்றிய கலகம் உச்சத்தில் இருந்த காலம் அது. 1874இல் பாராளுமன்றமே வழிபாட்டை ஒழுங்குபடுத்தச் சட்டம் இயற்றியிருந்தது. அத்தியட்சர் சடங்குக் கட்சியைச் சார்ந்தவர், வேத வசனத்தைப் போதிக்கும் சபையைச் சடங்கில் அமிழ்த்திவிடுவார் என்று சுவிசேஷக் கட்சியினர் ஐயுற்றனர். 1876இல் சங்கத்தின் மிஷனரிமாருள் பெரும்பாலோருடைய அனுமதிப் பத்திரங்களை அத்தியட்சர் மீட்டுக்கொண்டார். பேச்சுவார்த்தை நடந்தது; பத்திரங்கள் திரும்பின; பூசல் தீரவில்லை.

இவ்விடத்தில் திருநெல்வேலியை நினைவுகூராமல் இருக்க இயலவில்லை. உபதேசியார்களின் அச்சீமையிலேயே, ஒரு தலைமுறைக்கு முன், ரேனியுஸ் தம் தமிழ் உபதேசியார்களுக்கு அத்தியட்சரின்றி லுத்தரன் முறையிற் குருப்பட்டம் அளிக்க விரும்பினார். ஆங்கிலத் திருச்சபையின் முறையையும் கண்டித்து எழுதினார். சங்கம் 1835இல் அவரைத் தன் பணியினின்றும் நீக்கியது. திருநெல்வேலிச் சபை இரண்டாயிற்று. 1838இல் அவர் இறந்தபின்பே பிளவு ஆறத் தொடங்கியது. அன்று அத்தியட்சரின் அதிகாரத்துக்காகத் தன் சிறந்த ஊழியரை இழந்த அதே சங்கம், கண்டியில் அத்தியட்சரையே எதிர்த்து நின்றது. இரண்டு வழக்கிலும் சட்ட நுணுக்கம் வேறு என்பர் அறிந்தோர்; வேறுதான். ஆயினும் இரண்டிலும் கையிலிருந்து நழுவக்கூடாதென்று அனைவரும் பற்றி நின்றது தமிழ் உபதேசியாரை ஆளும் உரிமையையே. ரேனியுஸ் ஒருவரே அவருக்கும் ஓர் அதிகாரம் கொடுக்க முனைந்தவர்.

கண்டி வழக்கு ஈற்றில் இங்கிலாந்துக்குச் சென்றது. காண்டர்பரி, யார்க் பேராயர்களும் மூன்று அத்தியட்சர்களும் கூடி 1880இல் தம் கருத்தை அளித்தனர். இரு தரப்பும் ஏற்றுக்கொள்ளத்தக்க சமரசம் அது. தர்க்கித்தவர்கள் ஒருவரையொருவர் வேத விரோதி என்று சபித்துப் பிரியாமல், நான்காண்டு கடிதம் எழுதி, நடுவரை நாடி, ஒரே சபையில் தங்கினர். இதனை நாம் மதிக்கலாம். ஆனால் அந்த நடுவர் ஐவருள் கோப்பி மலையைக் கண்டவர் எவர்? லயத்து வாசலில் வசனம் கேட்டவனிடம், உனக்கு யார் போதிக்க வேண்டும் என்று வினவியவர் எவர்? துரை வழக்கில் ஒரு கட்சியாக இருந்தார், ஏனெனில் அவர் பணம் கொடுத்தார். தொழிலாளி உழைப்பைக் கொடுத்தான். துரையின் பணமும் அதிலிருந்தே பிறந்தது. அக்கணக்கு எவருடைய கடிதத்திலும் கட்சியாக எழவில்லை.

அரசாங்க மானியத்தை நிறுத்தும் சட்டம் 1881இல் வந்தது. சாப்ளேன்மாரின் சம்பள ஆதாரம் சரிந்தது. 1869இல் இலங்கையிற் கண்டறியப்பட்ட இலைத்துரு நோயோ இதற்குள் கோப்பியையே தின்றுவிட்டது. இலண்டன் கருத்து கண்டியை அடைந்த காலத்தில் தோட்டங்கள் ஒன்றன்பின் ஒன்றாய்க் கைவிடப்பட்டன. பலர் வந்த வழியே தமிழகம் திரும்பினர். எஞ்சியவர்கள் கோப்பி வேரைப் பிடுங்கித் தேயிலை நட்டனர். யாருடைய மேற்பார்வை என்பது முடிவாகியிருந்தது. உபதேசியார் புதிய மலைகளில் லயங்களைத் தேடி நடந்தார்.