இருநூற்றைம்பது மர்லின்கள்

ஓவியம் ஒன்றே ஒன்றுதான். அச்சிட்ட படமோ ஆயிரக்கணக்கில் கிடைக்கும். இவ்விரண்டுக்கும் நடுவில் நிற்பது, "வரையறுக்கப்பட்ட பதிப்பு" என்று விற்கப்படும் கலை அச்சு. இத்தனை படிகளுக்குமேல் அச்சிடமாட்டோம் என்னும் வாக்குறுதியே அதன் விலைக்கு அடிப்படை.

இவ்வழக்கத்திற்கு ஓர் இயற்கைக் காரணம் இருந்தது. செப்புத் தகட்டில் கீறி அச்சிடும்போது, அழுத்த அழுத்தக் கோடுகள் தேயும். முதலில் எடுத்த படிகள் தெளிவாகவும் பின்னவை மங்கலாகவும் அமையும். ஆகவே, படிகளின் எண்ணிக்கையைத் தகடே பெரும்பாலும் முடிவு செய்தது.

அமெரிக்கப் பாப் கலைஞர் ஆண்டி வார்ஹோல் 1962-இல் கையாளத் தொடங்கிய பட்டுத்திரை அச்சில் இக்கட்டுப்பாடு அவ்வளவாக இல்லை. சட்டத்தில் இழுத்துக் கட்டிய மெல்லிய துணியில் ஒளியால் இறுகும் பூச்சைத் தடவிப் படத்தைப் பதிப்பர். ஒளி படாத இடங்களைக் கழுவி நீக்கியபின், இரப்பர்ப் பட்டையால் மையைத் தள்ளினால் படம் தாளில் இறங்கும். ஒவ்வொரு நிறத்திற்கும் ஒரு திரை. (நம் பள்ளி விளையாட்டுப் போட்டிச் சட்டைகளில் சின்னம் பதிப்பதும் பெரும்பாலும் இம்முறையில்தான்!) திரை பழுதானால் வேறொன்று செய்துகொள்ளலாம். இங்கே எண்ணிக்கையை வரையறுப்பது மனிதனின் முடிவேயன்றி வேறில்லை.

நடிகை மர்லின் மன்றோ 1962 ஆகஸ்டில் மறைந்தார். அடுத்த சில வாரங்களிலேயே வார்ஹோல் அவர் முகத்தைத் திரைச்சீலையில் அச்சிடத் தொடங்கினார். 1967-இல் அதே முகத்தைப் பத்து வண்ணச் சேர்க்கைகளில் தாளில் அச்சிட்டுத் தொகுப்பாக நியூயார்க்கில் வெளியிட்டார். ஒவ்வொன்றும் 36 அங்குலச் சதுரம். ஒவ்வொன்றிலும் 250 படிகள். மூலப்படம், 1953-இல் வெளிவந்த 'நயாகரா' திரைப்படத்திற்காக எடுத்த விளம்பர நிழற்படம். அதை எடுத்தவர் வார்ஹோல் அல்லர். தொகுப்பை அச்சிட்டதும் ஓர் அச்சகமே. அவ்வாறாயின், வாங்குபவர் எதற்குப் பணம் தருகிறார்? அந்தத் தெரிவிற்கும் நிறத்துணிவிற்கும் என்பேன். சந்தையோ தாளைத் திருப்பிப் பார்க்கிறது. பின்புறத்தில் பென்சில் கையொப்பமும் இரப்பர் முத்திரையால் பதித்த எண்ணும் உள்ளனவா என்பதே அதன் கேள்வி.

எண் சிறியதாக இருந்தால் சிறப்பு என்று பலர் நம்புகின்றனர். தேயும் தகட்டுக்கு அது ஓரளவு பொருந்தலாம். திரை அச்சிலோ எண்கள் அச்சிட்ட வரிசையைக் காட்ட வேண்டியதில்லை. 7/250-க்கும் 207/250-க்கும் தரத்தில் வேறுபாடு இராது.

1970 முதல் 'சண்டே பி. மார்னிங்' என்னும் பெயரில் அதே அளவில் மர்லின் அச்சுகள் ஐரோப்பாவிலிருந்து வந்தன. அவற்றின் பின்புறத்தில், உம் கையொப்பத்தை நீரே இட்டுக்கொள்ளும் என்னும் பொருளில் ஆங்கில முத்திரை இருந்தது. வார்ஹோலிடம் சிலர் அவற்றை நீட்டியபோது, இது என்னுடையதன்று என எழுதி, அதன்கீழ்த் தம் பெயரையும் ஒப்பமிட்டுத் தந்தார். 1987-இல் அவர் மறைந்தார். அவர் மறுத்துக் கையொப்பமிட்ட அந்தப் படிகளையும் சேகரிப்போர் இன்று தேடி வாங்குகின்றனர்.