வென்டிலேட்டர் நோயாளிக்கு நிமோனியா வராமல் தடுக்க ஆன்டிபயாடிக்: யாருக்குப் பலன்? ஏன் எல்லாருக்கும் கொடுப்பதில்லை?

விபத்தில் தலையில் அடிபட்டவர் ஐசியுவில் இருக்கிறார். கண் விழிப்பார் என்று வீட்டார் வெளியே காத்திருக்கிறார்கள். மூன்றாம் நாள் டாக்டர் வந்து, "நுரையீரல்ல இன்ஃபெக்ஷன் வந்திருக்கு" என்கிறார். அடிபட்டது தலையில், நிமோனியா எப்படி வந்தது? முன்னாடியே மருந்து கொடுத்துத் தடுத்திருக்க முடியாதா?

எப்படி வருகிறது?

வென்டிலேட்டருக்காக வாய் வழியாக மூச்சுக்குழாய்க்குள் ஒரு டியூப் செலுத்தப்படும். மயக்கத்தில் இருப்பவரால் இருமி சளியை வெளியேற்ற முடியாது. வாயில் ஊறும் எச்சில் டியூபைச் சுற்றித் தேங்கி, கொஞ்சம் கொஞ்சமாக நுரையீரலுக்குள் இறங்கும். அதோடு வாயில் உள்ள கிருமிகளும் போகும். டியூப் போட்டு 48 மணி நேரத்துக்குப் பிறகு வரும் நிமோனியாவை 'வென்டிலேட்டர் நிமோனியா' என்கிறார்கள்.

முன்கூட்டியே கொடுத்தால் குறையுமா?

சிலருக்குக் குறைகிறது. பிரான்ஸில் நடந்த மூன்று ஆய்வுகள் இதைக் காட்டின.

* மூளை பாதிப்பு: டியூப் போட்ட 12 மணி நேரத்துக்குள் செஃப்ட்ரியாக்ஸோன் 2 கிராம், ஒரே ஒரு ஊசி. முதல் வாரத்தில் நிமோனியா வந்தவர்கள் மருந்து பெறாதவர்களில் 32 சதவீதம், பெற்றவர்களில் 14 சதவீதம். (2024)

* மாரடைப்பு போன்றவற்றால் இதயம் நின்று மீண்டவர்கள்: 2 நாள் அமாக்ஸிசிலின்-கிளாவுலனேட். ஆரம்பகட்ட நிமோனியா 34-லிருந்து 19 சதவீதமாகக் குறைந்தது. (2019)

* 3 நாளுக்கு மேல் வென்டிலேட்டரில் இருப்பவர்கள்: நெபுலைசர் வழியாக 3 நாள் அமிகாசின். நிமோனியா 22-லிருந்து 15 சதவீதமானது. (2023)

ஒன்றைக் கவனிக்க வேண்டும். நிமோனியா குறைந்ததாலேயே உயிரிழப்பும் குறைந்துவிடும் என்று சொல்ல முடியாது. 2019, 2023 ஆய்வுகளில் உயிரிழப்பு குறைந்ததாக நிரூபிக்கப்படவில்லை.

நெதர்லாந்து முறை என்ன?

அங்கே 1980-களிலிருந்தே வேறு ஒரு வழி உண்டு. கொலிஸ்டின், டோப்ராமைசின், பூஞ்சைக்கு எதிரான மருந்து ஆகியவற்றைப் பசையாக வாயில் தடவுவார்கள். வயிற்றுக்குள்ளும் டியூப் வழியாகச் செலுத்துவார்கள். முதல் 4 நாள் ஊசியும் உண்டு. 13 ஐசியுக்களில் சுமார் 6,000 பேரிடம் நடந்த ஆய்வு, இதனால் உயிரிழப்பு ஓரளவு குறைவதாக 2009-ல் சொன்னது. ஆனால் ஆஸ்திரேலியாவில் கிட்டத்தட்ட அதே எண்ணிக்கையிலான நோயாளிகளிடம் நடந்த ஆய்வில் (2022) உயிரிழப்பு 27.0, 29.1 சதவீதம். இந்த வித்தியாசம் மருந்தால்தான் என்று உறுதியாகச் சொல்லப் போதாது.

அப்போ எல்லாருக்கும் கொடுத்துடலாமே?

அங்கேதான் சிக்கல். ஆன்டிபயாடிக் பலவீனமான கிருமிகளைக் கொல்லும். மருந்துக்கு அடங்காதவை மிஞ்சிப் பெருகும். அவை பக்கத்துப் படுக்கைக்கும் பரவும். நெதர்லாந்தில் இப்படிப்பட்ட கிருமிகள் குறைவு. இந்திய ஐசியுக்களிலோ பல மருந்துகளுக்கு அடங்காத கிளெப்சியெல்லா, அசினெட்டோபாக்டர் பெரிய தலைவலி. அவற்றுக்குக் கடைசி ஆயுதமாக வைத்திருக்கும் மருந்துகளில் ஒன்றுதான் கொலிஸ்டின். அது வீணாகக்கூடாது என்பதால்தான், உணவுக்காக வளர்க்கும் கோழி, கால்நடைகளுக்கு அதைக் கொடுக்க மத்திய அரசு 2019-ல் தடை விதித்தது.

மருந்து இல்லாமலே தடுக்கும் வழிகள்

* படுக்கையின் தலைப்பகுதியை 30 முதல் 45 டிகிரி உயர்த்தி வைப்பது
* தினமும் பல் துலக்கி வாயைச் சுத்தம் செய்வது
* மயக்க மருந்தை முடிந்தவரை குறைப்பது
* டியூபை எடுக்க முடியுமா என்று தினமும் பார்ப்பது
* ஒவ்வொரு முறையும் கை கழுவுவது

உறவினர்கள் என்ன செய்யலாம்?

நோயாளிக்கு எந்த மருந்தாவது அலர்ஜியா, சிறுநீரகப் பிரச்சினை உண்டா, சமீபத்தில் என்ன ஆன்டிபயாடிக் சாப்பிட்டார் என்பதை முதல் நாளே டாக்டரிடம் சொல்லுங்கள். உள்ளே போகும்போதும் வரும்போதும் கை கழுவுங்கள். "பெரிய ஆன்டிபயாடிக் போடுங்க" என்று வற்புறுத்த வேண்டாம். "டியூபை எப்போ எடுக்கலாம் டாக்டர்?" என்று தினமும் கேளுங்கள். டியூப் எவ்வளவு சீக்கிரம் வெளியே வருகிறதோ, அவ்வளவுக்கு நிமோனியா ஆபத்தும் குறையும்.