கொழுப்பெடுத்த பூச்சிகள்!

சின்ன வயசுல சேட்டை பண்ணினா "உடம்புல கொழுப்பு ஏறிப்போச்சுடா உனக்கு"ன்னு அம்மா திட்டுவாங்க. நம்ம ஊர்ல கொழுப்புன்னாலே திட்டுதான். விஞ்ஞானிகளும் ரொம்ப காலம் அதைப் பெருசா மதிக்கலை. எரிச்சா கலோரி, கூடவே சில வைட்டமினைச் சுமந்துட்டு வரும், அவ்வளவுதான்னு நினைச்சாங்க. அந்த நினைப்பு மாறின கதை ஒரு எலிக்கூண்டுல ஆரம்பிச்சு ஒரு குருவிக்கூட்டுல வந்து நிக்குது.

1929. அமெரிக்காவுல மின்னசோட்டா பல்கலைக்கழகம். ஜார்ஜ் பர், அவர் மனைவி மில்ட்ரெட் பர் ரெண்டு பேரும் எலிகளுக்குக் கொழுப்பே இல்லாத சாப்பாடு போட்டாங்க. மத்த சத்தெல்லாம் உண்டு. ஆனா எலிகளோட வால் செதில் செதிலா உரிஞ்சுது, வளர்ச்சி நின்னுது, கடைசியில செத்தே போச்சு. கொஞ்சூண்டு கொழுப்பு கொடுத்த எலிகள் தேறிடுச்சு. அடுத்த வருஷமே, லினோலெயிக் அமிலம் இல்லாததுதான் கோளாறுன்னு சொன்னாங்க. 'அத்தியாவசியக் கொழுப்பு அமிலம்'ங்கற பேர் அப்ப வந்ததுதான்.

1970கள்ல பாங், டயர்பெர்க்னு ரெண்டு டென்மார்க்காரங்க கிரீன்லாந்து மக்களோட ரத்தத்தை ஆராய்ஞ்சாங்க. ஒமேகா-3 பிரபலமாச்சு, மீன் எண்ணெய் மாத்திரைக்கு யோகம் அடிச்சுது. ஆனா மீனுக்கு அது எங்கிருந்து வருது? பாசியிலேருந்து! இபிஏ மாதிரி நீளச் சங்கிலி ஒமேகா-3ஐத் தயாரிக்கறதே முக்கியமா பாசிதான். நிலத்துச் செடிகள் குட்டைச் சங்கிலியோட நிறுத்திக்கும்.

இப்பதான் நம்ம ஹீரோ என்ட்ரி. மேஃப்ளை, மிட்ஜ் மாதிரி பூச்சிகள் புழுப்பருவத்தை ஏரி, ஆத்துத் தண்ணியில கழிக்குது. பாசியைத் தின்னு இபிஏவை உடம்புல சேர்த்து வைக்குது. அப்புறம் றெக்கை முளைச்சு, அந்தக் கொழுப்போட கரைக்குப் பறந்து வருது. நிலத்துலயே வளர்ற பூச்சிகள் கிட்ட இது ரொம்பக் கம்மி.

சரி, இதனால யாருக்கு என்ன?

2016ல கார்னெல் பல்கலைக்கழகத்துல கார்னீலியா ட்வைனிங் குழு, 'ட்ரீ ஸ்வாலோ'ங்கற தகைவிலான் குஞ்சுகளை வச்சு சோதனை பண்ணினாங்க. நம்ம பாஷையில சொன்னா நாலு டெஸ்ட் கேஸ்: தீனி அதிகம்/கம்மி, நீள ஒமேகா-3 அதிகம்/கம்மி. ரிசல்ட்? நல்ல கொழுப்போட கம்மியா சாப்பிட்ட குஞ்சுகள், அது இல்லாம நிறைய சாப்பிட்டதை விட நல்லா வளர்ந்துச்சு! குட்டைச் சங்கிலியை நீளமாக்க இந்தக் குஞ்சுகளால முடியும், ஆனா தேவையான அளவுக்கு முடியலை. 2018ல அதே குழு 24 வருஷக் கணக்கை எடுத்துப் பார்த்தாங்க. எத்தனை குஞ்சு பொழைச்சுக் கூட்டை விட்டுப் பறக்கும்ங்கறதை நீர்ப்பூச்சியோட அளவுதான் காட்டிக்கொடுத்துச்சு, நிலத்துப் பூச்சி இல்லை.

இங்கதான் வயித்தைக் கலக்குது. அந்த நீர்ப்பூச்சிகளோட நிலைமை என்ன? அமெரிக்கா-கனடா எல்லையில இருக்கற ஈரி ஏரியைப் பாருங்க. 1953ல மேற்குப் பகுதி அடித்தண்ணியில ஆக்சிஜன் இல்லாம மேஃப்ளை கூட்டமே அழிஞ்சுது. கழிவைக் கட்டுப்படுத்தினதுக்கு அப்புறம் 1990கள்ல திரும்பி வந்துச்சு. மழை பார்க்கற ரேடார்லயே தெரியற அளவுக்குக் கூட்டம்! அதே ரேடாரை வச்சு 2020ல ஒரு ஆய்வு வந்துச்சு. 2012க்கு அப்புறம் பாதிக்கு மேல குறைஞ்சுடுச்சாம்.

வெறும் பூச்சி எண்ணிக்கையை மட்டும் பார்த்தா இது புரியாது. தோட்டத்துல ஆயிரம் பூச்சி பறக்கலாம், குஞ்சு வயிறு முட்டத் தின்னலாம். ஆனா ஏரி கெட்டுப்போயிருந்தா, வயிறு நிறைஞ்சும் அது பட்டினிதான். பர் தம்பதியோட எலிகள் மாதிரியே.

அம்மா கிட்ட சொல்லணும். கொழுப்பு ஏறினா மட்டும் இல்லம்மா, குறைஞ்சாலும் ஆபத்துதான் :-)