கரிவாயுக் கலன் முதல் ஹைட்ரஜன் கலன் வரை: மதுரை வட்டாரத்தில் மாற்று எரிபொருள்

பெட்ரோல் விலை ஏறும்போதும் தட்டுப்பாடு வரும்போதும், வாகனத்திலேயே எரிவாயு தயாரித்துக்கொள்ளும் கலன்கள் பேச்சுக்கு வருகின்றன. இன்று அவ்வாறு பேசப்படுவது, தண்ணீரை மின்னாற்பகுத்து ஹைட்ரஜன் தரும் 'எச்.எச்.ஓ.' கலன். ஆனால் மதுரை நிறுவனம் ஒன்று இரண்டாம் உலகப் போர்க் காலத்திலேயே வாகனங்களுக்கான எரிவாயுக் கலனைத் தயாரித்திருக்கிறது. அது ஓடியது. அரை நூற்றாண்டுக்குப் பின் ராஜபாளையம் பகுதியிலிருந்து வந்த 'மூலிகை பெட்ரோல்' ஓடவில்லை. இந்த வேறுபாட்டுக்கான காரணம், எரிபொருளுக்குள் ஆற்றல் எங்கிருந்து வருகிறது என்ற கேள்வியில் இருக்கிறது.

போர்க்காலக் கரிவாயு

திருநெல்வேலி மாவட்டம் திருக்குறுங்குடியில் 1877இல் பிறந்த டி. வி. சுந்தரம் ஐயங்கார், 1911இல் மதுரையில் தம் நிறுவனத்தைத் தொடங்கினார். பேருந்துப் போக்குவரத்தில் வளர்ந்த அந்நிறுவனமே பின்னர் டி.வி.எஸ். குழுமமாக விரிந்தது.

1942 மார்ச்சில் ரங்கூன் ஜப்பானியர் வசமானது. அத்துடன் இந்தியாவுக்கு வந்துகொண்டிருந்த பர்மா எண்ணெய் நின்றது. இருந்த பெட்ரோலில் படைத்துறைக்கே முன்னுரிமை, மற்றவர்களுக்குப் பங்கீடு. சென்னை மாகாணத்தில் ஏற்பட்ட இத்தட்டுப்பாட்டைச் சமாளிக்க சுந்தரம் ஐயங்கார் 'டி.வி.எஸ். கேஸ் பிளாண்ட்' என்ற கரிவாயுக் கலனை உருவாக்கித் தயாரித்தார்.

இந்த நுட்பம் ஐரோப்பாவில் முன்பே இருந்தது. பிரான்சில் ஜார்ஜ் இம்பேர் 1920களில் விறகில் இயங்கும் கலனை மேம்படுத்தியிருந்தார். போர் ஆண்டுகளில் உலகெங்கும் ஏறத்தாழ 10 லட்சம் வாகனங்கள் இத்தகைய வாயுவில் ஓடியதாக மதிப்பிடப்படுகிறது.

கலன் இயங்கிய விதம்

வண்டியோடு பொருத்திய இரும்பு உருளையில் அடுப்புக்கரி நிரப்பப்படும். குறைந்த அளவு காற்றே உள்ளே செல்வதால் கரி முழுமையாக எரியாது. முதலில் உண்டாகும் கரியமில வாயு, தணலாக இருக்கும் கரியின் ஊடே செல்லும்போது கார்பன் மோனாக்சைடாக மாறும். கரியிலும் காற்றிலும் உள்ள ஈரம் தணலோடு வினைபுரிந்து ஹைட்ரஜனைத் தரும். ஆகவே, அன்றைய கரி வண்டிகளும் ஓரளவு ஹைட்ரஜனில்தான் ஓடின. வாயுவில் ஏறத்தாழ பாதி, எரியாத நைட்ரஜன். வாயுவைக் குளிரவைத்து, சாம்பலை வடிகட்டிய பிறகே எஞ்சினுக்கு அனுப்புவர்.

கரியைப் பற்றவைத்து, கைப்பிடி விசிறியைச் சுற்றி, வாயு வரும்வரை காத்திருக்க வேண்டும். எஞ்சினின் திறன் மூன்றில் ஒரு பங்கு முதல் பாதிவரை குறைந்தது. மேடுகளில் வண்டி திணறும். கார்பன் மோனாக்சைடு மணமற்ற நச்சு வாயு என்பதால் கசிவு உயிருக்கே ஆபத்தானது. போர் முடிந்து பெட்ரோல் திரும்பியதும் இக்கலன்கள் மறைந்தன. குறைகள் எத்தனை இருந்தாலும், ஆற்றலின் கணக்கு நேர்மையானது. அது கரியிலிருந்து வந்தது. கரி தீர்ந்தால் வண்டி நின்றது.

மூலிகை பெட்ரோல்

1996இல், ராஜபாளையம் அருகே இடையன்குளத்தைச் சேர்ந்த ராமர் பிள்ளை, இலைகளை நீரில் கொதிக்கவைத்துப் பெட்ரோல் தயாரிப்பதாகச் சொல்லி நாட்டின் கவனத்தை ஈர்த்தார். டெல்லியில் விஞ்ஞானிகள் முன்னிலையிலும் செய்து காட்டினார். சென்னை ஐ.ஐ.டி.யில் நடந்த கண்காணிப்புச் சோதனையில் அது நிலைக்கவில்லை. கலக்கும் குழாய்க்குள் எரிபொருளை மறைத்து மெழுகால் அடைத்திருந்ததாகவும், சூட்டில் மெழுகு உருகியதும் அது வெளிவந்ததாகவும் கூறப்பட்டது.

பின்னர், டொலுயீன், நாப்தா போன்ற பெட்ரோலிய வேதிப்பொருட்களின் கலவையை மூலிகை எரிபொருள் என்று விற்றதாக மத்தியப் புலனாய்வுத் துறை வழக்குத் தொடர்ந்தது. 2016 அக்டோபரில் சென்னை நீதிமன்றம் அவருக்கு 3 ஆண்டு சிறைத்தண்டனை விதித்தது.

தண்ணீரும் ஹைட்ரஜனும்

தண்ணீரை மின்சாரத்தால் பிரிக்கலாம் என்பதை 1800இல் இங்கிலாந்தில் வில்லியம் நிக்கல்சனும் அந்தோணி கார்லைலும் காட்டினர். 1807இல் ஐசக் டி ரிவாஸ் ஹைட்ரஜனில் இயங்கும் எஞ்சினுக்குக் காப்புரிமை பெற்றார். எனவே ஹைட்ரஜன் எரிபொருள் என்பதில் ஐயமில்லை. அதை வண்டியே தயாரிப்பதில்தான் சிக்கல்.

2008 ஜூலையில் கச்சா எண்ணெய் பீப்பாய் 147 டாலரைத் தொட்ட காலத்தில், வீட்டில் செய்யும் ஹைட்ரஜன் கலன்கள் பல நாடுகளில் பரவின. துருப்பிடிக்காத எஃகுத் தகடுகள், காரம் கலந்த நீர், பேட்டரி இணைப்பு, எஞ்சினின் காற்றுக்குழாய்க்குச் செல்லும் ஒரு டியூப் ஆகியவையே இதன் பாகங்கள். பேட்டரிக்கு மின்சாரம் தருவது ஆல்டர்னேட்டர். ஆல்டர்னேட்டரைச் சுழற்றுவது எஞ்சின். எஞ்சினை ஓட்டுவது பெட்ரோல்.

12 வோல்ட்டில் 15 ஆம்பியர் எடுக்கும், ஆறு அறைகள் கொண்ட ஒரு கலனை எடுத்துக்கொள்ளலாம். அது மணிக்கு ஏறத்தாழ 38 லிட்டர் ஹைட்ரஜன் தரும். அதன் ஆற்றல் சுமார் 13 மில்லிலிட்டர் பெட்ரோலுக்குச் சமம். எஞ்சினின் திறன் 25 விழுக்காடு, ஆல்டர்னேட்டரின் திறன் 60 விழுக்காடு எனக் கொண்டால், அந்த மின்சாரத்துக்கு ஏறத்தாழ 135 மில்லிலிட்டர் பெட்ரோல் செலவாகும். பத்து ரூபாய் கொடுத்து ஒரு ரூபாய் வாங்கும் வியாபாரம் இது.

ஹைட்ரஜன் சேர்வதால் பெட்ரோல் முழுமையாக எரிகிறது என்பது ஆதரவாளர்களின் வாதம். நல்ல நிலையிலுள்ள எஞ்சினில் பெட்ரோல் ஏற்கெனவே ஏறத்தாழ முழுவதும் எரிந்துவிடுகிறது. மைலேஜ் கூடியதாகத் தெரிவதற்கு வேறு காரணங்கள் உண்டு: கலனைப் பொருத்தும்போது செய்த டியூனிங், டயரில் சரியான காற்று, கணக்குப் பார்த்துக்கொண்டே நிதானமாக ஓட்டுவது. ஹைட்ரஜனும் ஆக்சிஜனும் கலந்து வெளிவரும் இவ்வாயு சிறு பொறியிலும் வெடிக்கக்கூடியது. காரக் கரைசல் தோலையும் கண்ணையும் அரிக்கும்.

அமெரிக்காவில் தண்ணீரில் கார் ஓடும் என்று முதலீடு பெற்ற ஸ்டான்லி மேயர் மோசடி செய்ததாக 1996இல் ஒஹையோ நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 2012இல் பாகிஸ்தானிலும் ஆகா வக்கார் என்பவரின் 'தண்ணீர்க் கிட்' இதேபோன்ற பரபரப்பை உண்டாக்கியது.

இன்றைய நிலை

2023 ஜனவரியில் இந்திய அரசு 19,744 கோடி ரூபாய் மதிப்பில் தேசியப் பசுமை ஹைட்ரஜன் இயக்கத்துக்கு ஒப்புதல் அளித்தது. இதில் ஹைட்ரஜன் சூரிய ஒளி, காற்று போன்றவற்றின் மின்சாரத்தால் வெளியில் தயாரிக்கப்பட்டு, பின்னரே வாகனங்களுக்கு வருகிறது. டி.வி.எஸ். கலனில் கரி செய்த வேலையை இங்கே வெயிலும் காற்றும் செய்கின்றன. வண்டியின் பெட்ரோலிலேயே ஹைட்ரஜனைத் தயாரிக்கும் கலனில் அப்படி வெளியிலிருந்து எதுவும் வருவதில்லை.