காவிரியில் போன கஞ்சமலை

சேலத்தில் இரும்பு என்றால் எல்லோருக்கும் உருக்காலைதான் ஞாபகம் வரும். 1970ல் இந்திரா காந்தி அடிக்கல் நாட்டியது. ஆனால் அதற்கு 140 வருஷம் முன்பே கஞ்சமலைக் கல்லை நம்பி ஒரு கம்பெனி நடந்திருக்கிறது. அதன் உலை இருந்த இடம்தான் ஆச்சரியம்: பரங்கிப்பேட்டை கடற்கரை!

ஆரம்பித்தவர் ஜோசையா மார்ஷல் ஹீத். கிழக்கிந்தியக் கம்பெனி உத்தியோகத்தில் சேலத்தில் இருந்தவர். நம்மூர்க்காரர்கள் இரும்போடு ஆவாரங்கட்டையும் எருக்கிலையும் சேர்த்து, மண் மூசையில் மூடி உருக்கு செய்ததை விவரமாக எழுதி வைத்திருக்கிறார். உத்தியோகத்தை விட்டுவிட்டு, கம்பெனி அரசிடமே கடன் வாங்கி, 1830ல் ஆலையைத் தொடங்கினார்.

சரி, கல் எப்படிப் போனது? ரயில் கிடையாது. காவிரிதான் ரோடு. பரிசலில் ஏற்றினால் நாமக்கல் பக்கத்துக் கரைகளைத் தாண்டி, முக்கொம்பில் கொள்ளிடத்தில் இறங்கி, கடைசியில் கான் சாகிப் கால்வாய் வழியாகப் பரங்கிப்பேட்டை. மலையடியிலேயே உலை கட்டியிருக்கலாமே என்று முதலில் எனக்கும் தோன்றியது. ஆனால் இங்கிலாந்திலிருந்து இயந்திரம் வருவதும் கப்பலில், இரும்பு போவதும் கப்பலில். கல்லை ஆறு இழுத்துக்கொண்டு போய்விடும். இயந்திரத்தை யார் மேலே இழுப்பது?

ஆறு கைவிடவில்லை, கரிதான் கைவிட்டது. இங்கிலாந்தில் நிலக்கரியில் உலை எரிந்தது, இங்கே மரக்கரி. மரம் வெட்ட வெட்ட காடு தள்ளிப்போனது, கரியின் விலை ஏறியது. (பக்கத்தில் நெய்வேலி இருக்கிறதே என்பீர்கள். அந்தப் பழுப்பு நிலக்கரி தெரிய வந்ததே 1930களில்தான். தெரிந்திருந்தாலும் அப்படியே அந்த உலையில் போட முடியாது.)

ஹீத் கதை இன்னும் பாவம். இங்கிலாந்து திரும்பி, உருக்கில் மாங்கனீசு சேர்க்கும் முறைக்கு 1839ல் காப்புரிமை வாங்கினார். ஷெஃபீல்டு ஆலைகள் அதை வைத்துச் சம்பாதித்தன, இவருக்குப் பணம் தரவில்லை. வழக்கு பிரபுக்கள் சபை வரை போய் 1855ல் தோற்றது. அதற்குள் அவர் இறந்தே போயிருந்தார்.

1853ல் வேறொரு கம்பெனி வந்து, இந்த முறை காவிரிக்கரையிலேயே, எடப்பாடி பக்கம் பூலாம்பட்டியில், உலை கட்டியது. கல்லின் பயணம் குறைந்தது. எரித்தது அதே மரக்கரி. சில வருஷத்திலேயே அந்த உலை அணைந்தது. 1874ல் கம்பெனியும் இல்லை.

கஞ்சமலை அடிவாரத்தில் இன்று இருக்கும் உருக்காலையும் அந்த மலைக்கல்லை உருக்குவதில்லை.